தண்டிக்கும் அதிகாரத்தைக் குத்தகைக்கு விடலாமா?

ஒருவரைச் சிறையில் அடைக்க உத்தரவிடுவது நீதிமன்றம். அந்த உத்தரவை நாள்தோறும் நிறைவேற்றுவது சிறை. தனியார் சிறைகளில் இந்த இரண்டாவது வேலை, அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது. கதவைப் பூட்டுபவர், கைதியின் உடலைச் சோதனை போடுபவர், கலகம் மூண்டால் தடி எடுப்பவர் எல்லோருமே அந்த நிறுவனத்தின் சம்பளக்காரர்கள். இதன் இன்றைய வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. 1983-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட ‘கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ இப்போது ‘கோர்சிவிக்’ என்ற பெயரில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 1990-இலும் இங்கிலாந்தில் 1992-இலும் முதல் தனியார் சிறைகள் திறக்கப்பட்டன. பிறகு நியூஸிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் அந்த வழிக்கு வந்தன. அண்மை ஆண்டுகளில் அமெரிக்கச் சிறைவாசிகளில் ஏறத்தாழ 8 சதவீதம் பேர் தனியார் சிறைகளில் இருந்திருக்கிறார்கள்.

இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் செலவுக் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு அரசுக்கு ஆகும் செலவு எவ்வளவு, நிறுவனம் கேட்கும் தொகை எவ்வளவு என்பது பொருட்படுத்த வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தண்டிக்கும் உரிமை யாருடையது? அது அரசுடையது என்றால், இன்னொருவர் கைக்கு மாறிய பிறகும் அது தண்டனையாகவே இருக்குமா? அல்லது ஒரு மனிதர் இன்னொரு மனிதர்மேல் காசுக்காகச் செலுத்தும் பலாத்காரமாகிவிடுமா?

லாபத்துக்குச் சிறை நடத்துவது பழைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜெயிலர் பதவியே விலைக்கு வாங்கும் சொத்தாக இருந்தது. லண்டனின் ஃப்ளீட் சிறைப் பொறுப்பை 5,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர்களில் ஒருவர் தாமஸ் பேம்பிரிட்ஜ். போட்ட முதலைக் கைதிகளிடமிருந்தே எடுத்தாக வேண்டும். உள்ளே வருவதற்கு ஒரு கட்டணம், படுக்க இடத்துக்கு ஒரு கட்டணம், விலங்கைத் தளர்த்த ஒரு கட்டணம். கடனுக்காக அடைக்கப்பட்டிருந்த ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக்கலைஞர் கேட்ட பணத்தைக் கொடுக்க முடியாமல் நின்றபோது, பெரியம்மை கண்டிருந்த வீட்டுக்கு அவரை அனுப்பினார் பேம்பிரிட்ஜ். தனக்கு அந்த நோய் இதுவரை வந்ததில்லை, அங்கே போனால் பிழைக்கமாட்டேன் என்று காஸ்டெல் மன்றாடியும் பலனில்லை. அங்கேயே நோய் கண்டு இறந்தார். 1729-இல் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் தலைமையிலான நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. கொலை வழக்கும் நடந்தது. பேம்பிரிட்ஜ் விடுதலையானார்.

அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1773-இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீஃபாகப் பொறுப்பேற்ற ஜான் ஹோவர்ட், குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட ஆட்களும் ஜெயிலருக்குக் கட்டணம் செலுத்த வழியில்லாமல் மறுபடி உள்ளே இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டார். நாடெங்கும் சிறை சிறையாகப் போய்ப் பார்த்து அவர் 1777-இல் வெளியிட்ட நூல்தான், ஜெயிலர்களுக்கு அரசே சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்த்தது. சிறை அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. தனியார்மயத்தைப் புதுமை என்று முன்வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

ஒப்பந்தம் எதற்குக் காசு கொடுக்கிறதோ அதுதான் நடக்கும் என்பதற்கு 1790-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இரண்டாவது கைதிக் கப்பல் அணியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தத்தை எடுத்தது அடிமை வணிகத்தில் ஊறிய கேம்டன், கால்வர்ட், கிங் நிறுவனம். கப்பலில் ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று பணம். உயிரோடு இறங்குகிறவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேரில் கால்பங்குக்கு மேல் வழியிலேயே இறந்தார்கள். மீதிப் பேரில் பலர் நடக்கவும் முடியாத நிலையில் சிட்னியில் இறக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் உயிரோடு கரை சேர்ப்பதற்கும் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கும் முறை வந்தது.

தனியார் சிறைக்கு ஒரு தத்துவ அடித்தளம் போட முயன்றவர் ஜெரமி பெந்தம். நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள் என்ற அவருடைய ‘பேனாப்டிகான்’ திட்டத்தைக் கட்டடக் கலையோடு சேர்த்துத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறையை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தப் போவது தானே என்று அவர் இருபது ஆண்டுகள் அரசின் கதவைத் தட்டியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடமையும் சொந்த நலனும் ஒரே திசையில் இழுக்கும்படி ஒப்பந்தத்தை எழுதிவிட்டால் ஒப்பந்ததாரரை நம்பலாம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொன்ன வழி இது: வழக்கமாக எதிர்பார்க்கத்தக்க மரணங்களுக்கு மேல் ஒவ்வொரு கைதி இறக்கும்போதும் ஒப்பந்ததாரர் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் பகிரங்கமாக இருக்க வேண்டும். பொதுமக்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். கைதியைக் கோபுரம் பார்க்கும். கோபுரத்தை ஊர் பார்க்கும். நாடாளுமன்றக் குழு 1811-இல் இதை நிராகரித்தது. 1813-இல் 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்கள்.

பெந்தமின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இன்றைய ஒப்பந்தங்கள் பலவற்றைவிட அவருடையது கடுமையானது. அவர் கவனிக்கத் தவறிய இடம் வேறு. ஒரு மரணத்தை எண்ணலாம். ஒரு கைதியின் விண்ணப்பத்தை வேண்டுமென்றே மூன்று நாள் கிடப்பில் போட்டதை எந்தக் கணக்குப் புத்தகம் எண்ணும்? எண்ணக்கூடியதற்குப் பணம் கொடுத்தால், எண்ணமுடியாததில்தான் மிச்சம் பிடிக்கப்படும்.

ஜான் லாக்கின் அரசியல் தத்துவத்தில் தண்டிக்கும் உரிமை முதலில் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது. சமூகமாகச் சேரும்போது மக்கள் அதை விட்டுக்கொடுத்துப் பொது அதிகாரத்திடம் ஒப்படைக்கிறார்கள். தனியார் சிறையின் ஆதரவாளர்களில் மிகவும் கவனமாக வாதிட்டவரான சார்லஸ் லோகன் இதையே பிடித்துக்கொள்கிறார். அரசுக்கே அந்த உரிமை கைமாற்றப்பட்டதுதான் என்றால், அது ஏன் இன்னொரு முறை கைமாறக் கூடாது? அரசு ஊழியரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார், அவரும் தவறு செய்கிறார். இருவரையும் கட்டுப்படுத்துவது ஒரே சட்டம் என்றால், சீருடையில் யார் முத்திரை இருந்தால் என்ன?

இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் ஒப்படைத்தவர்கள் எதற்காக ஒப்படைத்தார்கள் என்பதை அது விட்டுவிடுகிறது. என்னை அடித்தவனைத் திருப்பி அடிக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுப்பது, அதை இனி யாருடைய சொந்த நலனும் தொடாது என்ற உறுதியின்பேரில். பழிவாங்கலையும் தண்டனையையும் பிரிக்கும் கோடு அதுதான். கைதி உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வருமானமாகிற ஒருவரிடம் அந்த உரிமை போய்ச் சேரும்போது, விட்டுக்கொடுத்ததற்கான காரணமே அடிபட்டுப் போகிறது. அரசு ஊழியருக்கும் சொந்த நலன் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த நலன் அவருடைய பதவியின் நோக்கமாக ஏற்கப்பட்டதல்ல. நிறுவனத்தில் லாபம் நோக்கமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்பு நீதிபதியுடையது, நிறுவனம் வெறுமனே நிறைவேற்றுகிறது என்று சொல்வதும் சிறையின் உள்ளே போனால் நிற்காது. காலையில் செல் கதவு திறக்கும்போது ஒரு கைதி எழுந்து நிற்கத் தாமதித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஒழுங்கீனம் என்று எழுதுவதா, உடம்பு சரியில்லை என்று விட்டுவிடுவதா? முடிவு செய்பவர் அந்த வரிசையில் நிற்கும் காவலர். எழுதினால் விசாரணை, விசாரணையில் குற்றம் உறுதியானால் வெளியே போகும் தேதி தள்ளிப்போகலாம், அல்லது சில நாள் தனிக்கொட்டடி. நீதிபதி கொடுத்த ஆண்டுகளின் உண்மையான நீளமும் கனமும் இப்படிப்பட்ட நூறு சிறு முடிவுகளில்தான் தீர்மானமாகின்றன.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதை உணர்ந்திருந்தது. 1991-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், தனியார் சிறையின் இயக்குநர் கைதிமீதான ஒழுங்கு விசாரணையை நடத்தக் கூடாது, அவசரம் தவிர மற்ற வேளைகளில் தனிமைப்படுத்த உத்தரவிடக் கூடாது என்றது. அந்த அதிகாரங்கள், சிறைக்குள்ளேயே அமர்த்தப்பட்ட ‘கன்ட்ரோலர்’ என்ற அரசு அதிகாரிக்கு உரியவை. காவலை விற்கலாம், தீர்ப்பை விற்கக் கூடாது என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் குற்றச்சாட்டை எழுதுபவரும் சாட்சி சொல்பவரும் நிறுவனத்தின் ஆட்களாக இருக்கும்போது கன்ட்ரோலரின் மேசைக்கு வந்து சேர்வது பாதி முடிந்துவிட்ட வழக்கு. பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலியையும் எடுத்து, விசாரிக்கும் அதிகாரத்தை இயக்குநரிடமே கொடுத்துவிட்டது.

இந்தக் கேள்வியை ஒரு நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்தது இஸ்ரேலில். 2004-இல் சிறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி பீர்ஷேபா நகருக்கு அருகே 800 கைதிகளுக்கான சிறையை ஒரு தனியார் நிறுவனம் கட்டி நடத்த வேண்டும். ஒரு சட்டக் கல்லூரியின் மனித உரிமைப் பிரிவு வழக்குப் போட்டது. சிறைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் உடன் மனுதாரர். கட்டடம் எழும்பிவிட்ட பிறகு, 2009 நவம்பர் 19 அன்று, தலைமை நீதிபதி டோரிட் பெய்னிஷ் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒருவர் மட்டும் மாறுபட, அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

தீர்ப்பின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. தனியார் சிறையில் கைதிகள் மோசமாக நடத்தப்படுவார்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதற்கான சான்று தேவை என்றும் கருதவில்லை. லாப நோக்குள்ள ஒரு நிறுவனத்தின் கையில் அடைத்து வைக்கும் அதிகாரத்தை ஒப்படைப்பதே, சிறைவாசம் தானாகப் பறிப்பதற்கு மேலாக, கைதியின் சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் கூடுதலாகப் பறிக்கிறது என்றது. 1992-ஆம் ஆண்டின் மனித கண்ணியம், சுதந்திரம் பற்றிய அடிப்படைச் சட்டத்துக்கு அது முரண். மாறுபட்ட நீதிபதி எட்மண்ட் லெவி, சிறை திறந்து நடக்கட்டும், என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

இதற்கு எளிதில் எழும் எதிர்ப்பு: நெரிசலான அரசுச் சிறையில் தரையில் படுப்பதைவிடத் தனியார் சிறையின் சுத்தமான கட்டிலைத்தான் எந்தக் கைதியும் விரும்புவார், கண்ணியம் என்ற பெயரில் அந்தக் கட்டிலைப் பிடுங்குவது என்ன நியாயம்? இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. கட்டில் வேண்டும் என்பது சரி. அதைக் கொடுக்கும் கடமை அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தன் கடமையில் தவறியதையே காரணம் காட்டி அந்தக் கடமையை விற்க அரசுக்கு உரிமை வந்துவிடாது.

விளைவுகளை மட்டும் வைத்து வாதிடுவதில் இரண்டு தரப்புக்கும் ஆபத்து இருக்கிறது. 2017-இல் இங்கிலாந்துச் சிறை ஆய்வாளர்கள் மிக மோசமான நிலையில் கண்ட லிவர்பூல் சிறை அரசு நடத்தியது. எலிகளும் உடைந்த சன்னல்களும் அங்கே இருந்தன. ஆகவே அரசின் முத்திரை தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. தனியார் சிறைகளின் வரலாறு காட்டுவது வேறொன்று: அங்கே கண்காணிப்பு எந்த இடத்தில் உடைகிறது என்பதை.

ஐடஹோ மாநிலத்தின் முதன்மைச் சிறையை நடத்திய கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன், ஒரு வேளைக்கு இத்தனை காவலர் என்று ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. கைதிகளுக்குள் வன்முறை மிகுந்து, ‘கிளாடியேட்டர் பள்ளி’ என்று அந்தச் சிறையைக் குறிப்பிடும் அளவுக்குப் போயிருந்தது. 2013-இல் நிறுவனமே ஒப்புக்கொண்ட உண்மை: ஏறத்தாழ 4,800 மணி நேரக் காவல் பணி காகிதத்தில் மட்டுமே நடந்தது. ஆளில்லாத இடத்தில் ஆள் இருந்ததாகப் பணிப் பதிவேடு எழுதப்பட்டது. அரசின் ஒப்பந்தக் கண்காணிப்பாளர் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்; அதில் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. நிறுவனம் நீதிமன்ற அவமதிப்பு செய்ததாகக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அறிவித்தார். 2014 ஜூலையில் மாநிலமே சிறையை எடுத்துக்கொண்டது.

வேறொரு நிறுவனம் நடத்திய அரிசோனாவின் கிங்மேன் சிறையில் 2010 ஜூலை 30 அன்று மூன்று கைதிகள் வேலியை வெட்டிக்கொண்டு தப்பினார்கள். இருவர் கொலைக் குற்றவாளிகள். நடுத்தரப் பாதுகாப்புச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்கள். வேலியின் எச்சரிக்கை மணி காரணமில்லாமல் அடிக்கடி ஒலித்துப் பழகியிருந்ததால் காவலர்கள் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்தியிருந்தார்கள். தப்பியவர்களால் நியூமெக்சிகோவில் ஒரு முதிய தம்பதியர் கொல்லப்பட்டார்கள். மாநிலம் அபாயமான கைதிகளை அங்கிருந்து வேறிடம் மாற்றியதும் நிறுவனம் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டியது: 97 சதவீதம் இடங்கள் நிரம்பியிருப்பதாகக் கொண்டு பணம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. பாதுகாப்பை முன்னிட்டுக் காலியான படுக்கைக்கும் மக்கள் வரிப்பணத்திலிருந்து வாடகை கேட்கப்பட்டது. தண்டனைக்கும் வருமானத்துக்கும் முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் கிடைக்காது.

கண்காணிப்பவரையே வாங்கிவிட முடியும் என்பதற்கு மிசிசிப்பி சாட்சி. அம்மாநிலச் சிறைத் துறை ஆணையர் கிறிஸ்டஃபர் எப்ஸ் 2014-இல் லஞ்ச வழக்கில் சிக்கியபோது, சிறைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமெரிக்கச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 2017-இல் அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிறையில் லஞ்சம் இல்லை. ஆனால் 2011 முதல் ஜி4எஸ் நிறுவனம் நடத்திய அந்தச் சிறையில் 2016 டிசம்பரில் பெருங்கலகம் வெடித்த பிறகும் சரிவு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க்கின் குழு உள்ளே ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோதே ஊழியர்களின் கார்கள் நிறுத்துமிடத்தில் கொளுத்தப்பட்டன. அரசு அதிகாரிகள் அங்கே எல்லா ஆண்டுகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தம் நிறைவேறுகிறதா என்று பார்த்தார்கள். சிறை எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் தனியார் நிறுவனம் நடத்திய மங்காவுங் சிறையில் நடந்தது இன்னும் கொடுமை. 2022 மே 3 விடியலில் தனிச் செல் ஒன்றில் தீ. கருகிய உடல் கிடைத்தது. பாலியல் வன்முறைக்கும் கொலைக்கும் ஆயுள் தண்டனை பெற்ற தபோ பெஸ்டர் தீக்குளித்துவிட்டார் என்று அறிவித்தார்கள். உடற்கூறு ஆய்வில் மூச்சுக்குழலில் புகை இல்லை. தலையில் அடிபட்டு முன்பே இறந்த உடல் அது. மரபணு பெஸ்டருடையதில்லை. இவ்வளவும் தெரிந்தும் பல மாதம் வெளியே மூச்சு இல்லை. ‘கிரவுண்ட்அப்’ என்ற செய்தித்தளம்தான் விடாமல் தோண்டியது. 2023 ஏப்ரலில் பெஸ்டர் தான்சானியாவில் பிடிபட்டார். சிறையின் ஊழியர்கள் சிலரும் கைதானார்கள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் சட்டமும் தடுமாறியிருக்கிறது. நியூயார்க்கில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய கூட்டாட்சி அரசின் சீர்திருத்த விடுதியில், இதய நோயுள்ள ஒருவருக்கு மின்தூக்கியைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. ஒரு நாள் ஊழியர் ஒருவர் மறுத்து, ஐந்து மாடியையும் படியேறச் சொன்னார். ஏறும்போது மாரடைப்பு வந்து விழுந்தார். அரசமைப்பு உரிமை மீறப்பட்டதாக அந்த நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர முடியாது என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது. அரசின் அதிகாரம் முழுவதும் நிறுவனத்துக்குப் போகிறது. அரசுக்குரிய பொறுப்பு முழுவதும் போவதில்லை.

குற்றமே செய்யாதவர்களை அடைத்து வைக்கும் குடியேற்றத் தடுப்பு மையங்களில் இது இன்னும் உறுத்தும். ஆஸ்திரேலியாவின் பிலோயீலா ஊரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஈழத் தமிழ்க் குடும்பம், இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு, 2019 முதல் 2021 வரை கிறிஸ்துமஸ் தீவில் வைக்கப்பட்டிருந்தது. அந்த மையத்தை நடத்தியது செர்கோ நிறுவனம். தண்டனை கிடையாது, தண்டனைக் காலமும் கிடையாது. ஆனால் காவலுக்கான கட்டணம் உண்டு.

உணவும் சலவையும் கட்டடமும் ஒப்பந்தத்துக்குப் போகலாம். கைதியின் உடல்மேல் கை வைக்கவும், தனிமையில் தள்ளவும், வெளியேறும் நாளைத் தள்ளிப்போடவும் உள்ள அதிகாரம் போகக் கூடாது. ஏற்கெனவே போய்விட்ட நாடுகளில், ஆளைக் கணக்கிட்டுப் பணம் தரும் விதிகளும் காலிப் படுக்கைக்கு வாடகை தரும் விதிகளும் நீக்கப்பட வேண்டும்; அரசுச் சிறைக்குப் பொருந்தும் தகவல் உரிமைச் சட்டம் தனியார் சிறைக்கும் பொருந்த வேண்டும்; முன்னறிவிப்பின்றி உள்ளே போய்க் கைதியோடு தனியாகப் பேசும் ஆய்வாளர் வேண்டும். அமெரிக்காவில் 2016-இல் நீதித்துறை தனியார் சிறைகளைக் கைவிடச் சொன்னது. 2017-இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் மறுபடி ஆணை. 2025 ஜனவரியில் அதுவும் ரத்து. செலவுக் கேள்வியாக வைத்திருக்கும்வரை ஆட்சிக்கு ஆட்சி இது மாறிக்கொண்டே இருக்கும். உரிமைக் கேள்வியாகத் தீர்த்த இஸ்ரேலில், கட்டி முடித்த அந்தச் சிறை ஒரு நாள்கூடத் தனியார் கையில் திறக்கப்படவில்லை.